சீதாவின் கன்னத்துச் சிவப்பு

2014 பெப்ரவரி 12

இரத்தம் எடுத்தது சீதாவுக்கு. மயங்கி விழுந்தது நான்.

ஊசி மகளின் கையில் ஏறுவதைப் பார்த்தேன். குப்பிக்குள் சிவப்பாக வந்ததையும் பார்த்தேன். அடுத்து நான் பார்த்தது அந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தின் கூரையைத்தான். உட்கார்ந்திருந்த கதிரையோடு சாய்ந்தேனாம். வரிசையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சீதா ஒரு கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு மறு கையால் எனக்குத் தண்ணீர் தந்தாள். இரத்தம் எடுத்த பெண் சிங்களத்தில் கேட்டாள், நோயாளி யார், நீங்களா என்று. கண்டி பஸ் நிலையத்தில் பத்தொன்பது வருஷம் டைம் கீப்பர் வேலை. நான் விசில் ஊதினால்தான் ஐம்பது சீட் பஸ் அசையும். அப்படிப்பட்ட ஆள் தரையில் செருப்பில்லாமல் கிடந்தேன். ஒரு செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.

மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். காய்ச்சலைவிட அவள் கைதான் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு கையிலும் நீலநீலமாகக் கன்றியிருக்கிறது. எங்கே இடித்தாய் என்றால் எங்கேயும் இடிக்கவில்லை என்கிறாள்.

பெப்ரவரி 13

பிளேட்லெட் எண்பத்து நாலாயிரமாம். ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். எங்கள் லேன் முனை டிஸ்பென்சரி டொக்டர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு டெங்கு என்றார். அம்பிட்டியவில் இந்த மாதம் வீட்டுக்கு ஒருவருக்கு டெங்கு. எங்கள் வீட்டுப் பங்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மடவளை பஸ் ஓட்டும் நஸீமிடம் சொன்னேன். அடுத்த டிரிப்பில், டெங்குக்கு நல்லதென்று, பப்பாசி இலை ஒரு கட்டு வந்தது. பயணிகள் காலுக்கடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். இடித்துப் பிழிந்தேன். கசப்பில்லை, குடிக்கலாம் என்று மகளுக்குக் காட்ட முதல் கரண்டியை நானே குடித்தேன். அடுத்து குசினிக்கு ஓடி ஒரு கரண்டி சீனியை வாயில் போட்டேன். சீதா மூக்கைப் பிடித்து ஒரே மடக்கில் முடித்துவிட்டாள்.

பெப்ரவரி 19

ஒரு இலட்சத்துப் பதினெட்டாயிரம். காய்ச்சலும் இல்லை. பப்பாசி இலையால்தான் என்கிறான் நஸீம். மாரியம்மனுக்கு வைத்த நேர்த்தியால்தான் என்கிறாள் என் மனைவி ரத்தினம்மா. பிழிந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 9

ஹட்டன் பக்கத்திலுள்ள கல்வியியற் கல்லூரியிலிருந்து கடிதம். சீதா ஆசிரியர் பயிற்சிக்குத் தெரிவாகிவிட்டாள். மே 19ஆம் திகதி வந்து சேர வேண்டும், விடுதியில் தங்க வேண்டும், மருத்துவச் சான்றிதழ் வேண்டும்.

கடிதத்தை நான் நாலு தரம் வாசித்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், மெதுவாகத்தான் வாசிப்பேன். அதனால் சந்தோஷமும் மெதுவாக, நிறைய நேரம் வந்தது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கரும்பலகைக்கு அந்தப் பக்கம் நின்றவர் யாருமே இல்லை. பஸ் நிலையத்தில் அத்தனை டிரைவருக்கும் சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கு இரண்டு தரம் சொன்னேனாம்.

மார்ச் 23

மறுபடியும் நீலம். இந்த முறை காய்ச்சல் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறாள். இருபது வயதுப் பிள்ளை.

இரத்தம் பார்த்தோம். (நான் வெளியே நின்றேன்.) ஹீமோகுளோபின் எட்டு தசம் ஒன்பது. இரத்தம் குறைவு, அந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதிரி இவர்கள் சாப்பிடுவதில்லை என்று டிஸ்பென்சரி டொக்டர் இரும்புச் சத்து மாத்திரை தந்தார்.

போன தடவைத் தாளை ரத்தினம்மா சட்டைப் பையோடு துவைத்துவிட்டாள். அதனால் டிஸ்பென்சரிப் பதிவில் பெப்ரவரி எண்களையும் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் பஸ் நேரம் எழுதும் என் டைம் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். பஸ்ஸுக்குக் கோடு போடுகிற மாதிரியே கோடு. ஹீமோகுளோபின் ஒரு பஸ், வெள்ளை அணு ஒரு பஸ், பிளேட்லெட் ஒரு பஸ். மூன்றும் நேரத்துக்கு வருவதில்லை.

மார்ச் 26

இரும்புச் சத்தை மட்டும் நம்பினால் எப்படி? முருங்கை இலை, பீட்ரூட், அதோடு என் சொந்த வைத்தியம் ஒன்று: வெயில். நான் புசல்லாவைக் குளிரில் பிறந்தவன். வெளிறிப்போன பிள்ளையைத் தூக்கி வெயிலில் வைப்பதுதான் அங்கே முதல் மருந்து. காலை எட்டரைக்கு வாசலில் கதிரை போட்டு, கிழக்கே பார்த்து உட்கார வைத்தேன். லீவு நாளில் பத்து மணி வரை. வேலை நாளில் ரத்தினம்மா பொறுப்பு.

"அப்பா, நான் என்ன வடகமா?" என்றாள் சீதா.

ஏப்ரல் 3

கன்னம் சிவந்திருக்கிறது. இரண்டு பக்கமும். மூக்குத் தண்டின் மேலும் ஒரு சிவப்பு. இரத்தம் ஊறுகிறது. ரத்தினம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் டொக்டருக்குப் படித்திருக்கலாம்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. புதுச் சட்டையில் சீதா நன்றாக இருந்தாள். சிவந்த முகத்தைப் பார்த்து அக்கம்பக்கம் எல்லாம் பெண் நன்றாகத் தேறிவிட்டாள் என்றது. நான் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன்.

ஆனால் பொங்கல் பானையை இறக்கப் போனவள் பிடிக்க முடியாமல் அடுப்பிலேயே விட்டுவிட்டாள். விரல் மடங்கவில்லை என்றாள். காலையில் எழுந்தால் இப்படித்தான், பத்து மணிக்குச் சரியாகிவிடும் என்றாள். எத்தனை நாளாக? கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ரத்தினம்மா சீப்பைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். முடி, கை நிறைய.

பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றோம்.

ஏப்ரல் 22

பல் துலக்கும்போது இரத்தம். துப்பியது எல்லாம் சிவப்பு. ஓடிப்போய்ப் பரிசோதித்தோம். பிளேட்லெட் முப்பத்தெட்டாயிரம்.

டிஸ்பென்சரி டொக்டர் மறுபடி டெங்கு என்றார். எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. காய்ச்சலே இல்லையே ஐயா, ரெண்டு மாசமா ஒரே டெங்கு நிக்குமா, நான் படிக்காதவன், நீங்க சொல்லுங்க — இப்படி ஏதோ சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

மே 19க்கு இன்னும் இருபத்தேழு நாள்.

ஏப்ரல் 24

பெரியாஸ்பத்திரி. சீதாவை வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

டொக்டர் பத்மாதேவி, யாழ்ப்பாணத்து அம்மா. பழைய ரிப்போர்ட் எங்கே என்றார். துவைத்த கதையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. டைம் கொப்பியைத் திருப்பி நீட்டினேன். முன்பக்கம் குருநாகல் பஸ், பின்பக்கம் மகளின் இரத்தம். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இது ஆர் எழுதினது?"

"நான்தான் டொக்டர். பஸ் நேரம் எழுதுற பழக்கம். சும்மா..."

"சும்மா இல்லை ஐயா. ஒவ்வொரு தாளையும் தனியப் பார்த்தால் ஒருக்கால் டெங்கு, ஒருக்கால் சோகை எண்டுதான் தெரியும். இஞ்சை பாருங்கோ, மூண்டும் சேர்ந்து இறங்குது. காய்ச்சல் இல்லாத நேரத்திலையும் இறங்குது. இது டெங்கு நுளம்பின்ரை வேலை இல்லை."

பிறகு சீதாவின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கன்னத்தை, மூக்குத் தண்டை விரலால் தொட்டார். வெயிலிலை கனநேரம் நிக்கிறனீங்களோ என்று கேட்டார்.

நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன். சீதா என்னைப் பார்த்தாள். பிறகு டொக்டரைப் பார்த்து, "பஸ்ஸுக்கு நிக்கிறப்போ கொஞ்சம் படும்" என்றாள்.

எனக்காகப் பொய் சொன்னாள். இடுப்பளவு இருந்த காலத்தில் பொய் சொன்னதற்காக இந்தக் கையாலேயே அடித்திருக்கிறேன்.

ஏப்ரல் 30

பெயர் தெரிந்துவிட்டது. லூப்பஸ். பெயருக்குள்ளேயே பஸ் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருக்கிறது.

டொக்டர் விளங்கப்படுத்தினார். உடம்பைக் காக்க வேண்டிய படையே உடம்பைத் தாக்குமாம். எனக்கு விளங்கிய மாதிரி எழுதி வைக்கிறேன்: கண்டக்டரே சொந்தப் பயணிகளை அடித்து இறக்குகிறான். சிவப்பு அணு, வெள்ளை அணு, பிளேட்லெட், ஒன்றையும் விடவில்லை. சிலருக்கு இந்த வருத்தம் மற்ற இடங்களில் தெரியும் முன்பே இரத்தத்தில்தான் தலைகாட்டுமாம். மூட்டு, முடி, முகம் எல்லாம் பின்னால் வருமாம். விட்டால் சிறுநீரகத்துக்குப் போகும். சிறுநீர் பார்த்தார்கள், இன்னும் போகவில்லை. நேரத்தோட வந்திட்டியள் என்றார். முற்றாக மாறுமா என்றேன். அடக்கி வைக்கலாம் என்றார். அடக்கி வைக்கலாம். இந்த இரண்டு சொல்லையும் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வெயில் ஆகவே ஆகாதாம். அந்தச் சிவப்பு இரத்தம் ஊறிய சிவப்பு இல்லையாம். நோயின் சிவப்பு.

நான்தான் கதிரை போட்டேன். நான்தான் கிழக்கே திருப்பி வைத்தேன். வேலை நாளிலும் விடாதே என்று ரத்தினம்மாவிடம் சொன்னதும் நான்தான். அவள் முகம் எரியுது என்று ஒரு தரம் சொன்னாள், நான் என்ன சொன்னேன்? எரிஞ்சாத்தான் இரத்தம் ஏறும்னு சொன்னேன். எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சேன் நான் இதெல்லாம்? எவன் சொல்லிக் குடுத்தான்?

மே 1

வார்டுக்குப் போய் டொக்டரிடம் சொல்லிவிட்டேன். அவள் சொன்னது எனக்காகச் சொன்ன பொய், வெயிலில் வைத்தது நான் என்று. நான் வைக்காமல் இருந்தால் வந்திருக்காதா என்றும் கேட்டேன். டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். வெயில் கூட்டியிருக்கும், கொண்டு வரேல்லை, பெப்ரவரியிலேயே இரத்தத்திலை இருந்ததுதானே, உங்கடை கொப்பியிலைதான் இருக்கு என்றார். என் கொப்பியே எனக்குச் சாட்சி சொன்னது.

சீதா போர்வைக்குள்ளிருந்து, "காட்டிக் குடுத்துட்டீங்களே அப்பா, உங்களக் காப்பாத்தலாம்னு பாத்தேன்" என்றாள்.

மே 19

இன்று சேர வேண்டிய நாள். ஹட்டன் பஸ் ஆறு இருபதுக்குப் போனது. விசில் நான்தான் ஊதினேன்.

மே 27

வீட்டுக்கு வந்துவிட்டாள். பிளேட்லெட் தொண்ணூற்றாறாயிரம். காலையில் ஸ்டீரொய்ட் மாத்திரை எட்டு, இன்னொரு மாத்திரை, சுண்ணாம்புச் சத்து, வயிற்றுக்கு ஒன்று. கல்லூரிக்குக் கடிதம் எழுதினோம். டொக்டர் சான்றிதழ் தந்தால் அடுத்த தொகுதியோடு சேரலாம் என்று பதில். அடுத்த தொகுதி ஜனவரியில்.

வாசல் பக்கத்து ஜன்னலுக்கு இரட்டைத் திரை போட்டேன். அந்தக் கதிரையைக் கொண்டுபோய் அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். கதிரை என்ன செய்தது பாவம்.

ஜூன் 22

மாத்திரையால் முகம் ஊதியிருக்கிறது. நிலா மாதிரி வட்டம். பசி வேறு. நேற்று ஒரு இறாத்தல் பேக்கரிப் பாணைத் தனியாகத் தின்று முடித்துவிட்டு எங்களைப் பார்த்து முழித்தாள். நான் இன்னொரு இறாத்தல் வாங்கி வந்தேன்.

ஜூலை 17

எழுத முடியவில்லை.

கிளினிக்கில் பிளேட்லெட் ஐம்பத்தோராயிரம். எல்லாம் கூடிக்கொண்டு வந்தது, எப்படி இறங்கும் என்று டொக்டர் இரண்டு தரம் பார்த்தார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டார். ஆமா என்றாள். வீட்டுக்கு வந்து ரத்தினம்மா அரிசி எடுக்கப் போனால் வாளிக்கு அடியில் பொலித்தீன் பை. பை நிறைய மாத்திரை. பன்னிரண்டு நாள் போடவில்லை.

கத்திவிட்டேன். என்னவெல்லாமோ கத்தினேன். செத்துப் போறதுக்கா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலஞ்சோம்னு கேட்டேன். அந்தச் சொல்லை எழுதக்கூட எனக்குப் பயம், அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. தண்ணிக் குழாயடியில் யாரோ இவளை அடையாளம் தெரியாமல், நீ யாரு வீட்டுக்கு விருந்தாளியா வந்த புள்ள என்று கேட்டார்களாம். இவள் பிறந்ததிலிருந்து அதே குழாயடி.

"கண்ணாடியில யாரோ இருக்காங்கப்பா. என்னத் தேடுறேன், காணல."

எழுந்து வெளியே போனேன். ஒரு சுற்று நடந்தேன். திரும்பி வந்து அந்தப் பையிலிருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன்.

ஜூலை 18

காலையில் முகம் மழிக்கும்போது தோன்றியது. யோசித்தால் தைரியம் போய்விடும் என்று யோசிக்காமல் செய்தேன். மீசையை எடுத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷத்து மீசை. கல்யாணப் போட்டோவில் என்னைவிட அதுதான் தெளிவாகத் தெரியும்.

ரத்தினம்மா சட்டியோடு வந்தவள் அப்படியே நின்றாள். மீசைக்குக் கீழே எனக்கு மேலுதடு என்று ஒன்றும் பெரிதாக இல்லை என்பது எனக்கே இன்றுதான் தெரியும்.

சீதாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். "இப்ப ரெண்டு பேருக்கும் ஆளத் தெரியாது. உன் மூஞ்சி திரும்பி வர்ற வரைக்கும் இதுவும் வராது. மாத்திரையப் போடு."

அவள் என்னையே பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு. "ஐயோ அப்பா, போட்டுக்கிறேன், மொதல்ல அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள்.

பின்னேரம் மூன்று பேரும் டொக்டரிடம் போய் உண்மையைச் சொன்னோம். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று சீதாவுக்கு நல்ல பேச்சு விழுந்தது. பேசும்போது என் முகத்தைப் பார்த்துப் பார்த்து நிறுத்தினார். காரணத்தைச் சீதாதான் சொன்னாள்.

ஜூலை 19

பஸ் நிலையம். முதல் டிரைவர் என்னிடமே, டைம் கீப்பர் எங்கே என்று கேட்டான். நஸீம் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து, கவலையான முகத்தோடு, "தம்பி, புதுசா? பழையவர் மௌத்தா?" என்றான். நான் செத்தேனா என்று என்னிடமே கேட்கிறான். நாள் முழுக்க இதுதான். எழுபது பஸ், எழுபது சிரிப்பு. வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சீதாவுக்குச் சொன்னேன். சொன்னதில் பாதி நான் சேர்த்தது.

ஆகஸ்ட் 8

பெரஹரா ஊர்வலத்துக்கு வீதி எல்லாம் மூடியாச்சு. பஸ் எல்லாம் கண்ட இடத்தில் நிற்கிறது. பிளேட்லெட் ஒரு இலட்சத்து இரண்டாயிரம். எந்த பஸ் எங்கே நின்றால் எனக்கென்ன.

செப்டம்பர் 25

மாத்திரை எட்டிலிருந்து நாலு. குடை வாங்கினேன், உள்ளே கறுப்புத் துணி வைத்தது. கடைக்காரரிடம் மழைக்கில்லை, வெயிலுக்கு என்றேன். கண்டியில் யாரும் அப்படிக் கேட்டதில்லையாம்.

நவம்பர் 6

காலையில் விரல் மடங்குகிறதாம். மடக்கிக் காட்டினாள். பிறகு அந்த விரலாலேயே என் தலையில் ஒரு குட்டு.

டிசம்பர் 11

ஹீமோகுளோபின் பதினொன்று தசம் எட்டு. வெள்ளை அணு சரி. பிளேட்லெட் ஒரு இலட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். மூன்று பஸ்ஸும் நேரத்துக்கு.

டொக்டர் சான்றிதழ் எழுதினார். மாத்திரை ஒன்றரை, மாதம் ஒரு கிளினிக், வெயில் கூடாது, நீலமோ காய்ச்சலோ கண்டால் அன்றே வர வேண்டும். திரும்பி வருமா என்று சீதாவே கேட்டாள். வரலாம் அம்மா, வந்தால் பிடிப்பம் என்றார். பொய் சொல்லாத டொக்டர். சில நேரம் கொஞ்சம் சொன்னால் என்ன என்று தோன்றுகிறது.

2015 ஜனவரி 18

நாளைக் காலை ஆறு இருபது ஹட்டன் பஸ். பெட்டி கட்டியாகிவிட்டது. மாத்திரை ஒரு மாதத்துக்கு, கிளினிக் கொப்பி, குடை, முழுக்கைச் சட்டை, ரத்தினம்மா இடித்த மிளகாய்த் தூள். சீதாவின் முகம் முக்கால்வாசி திரும்பிவிட்டது. என் மீசை கால்வாசி.

பின்னேரம் ஐந்து மணிக்கு வழக்கம் போலத் தேத்தண்ணி கேட்டேன். சீதா கொண்டுவந்தாள். நான் குடிக்கும்வரை நின்று, "நாளையிலருந்து என்ன செய்வீங்க? எனக்கு இந்த வருத்தம் வந்ததுலருந்து உங்களுக்குத் தேத்தண்ணிப் பைத்தியம்" என்றாள்.

"நான் குடுத்தா மட்டும் வேணாம்பாரு. மக கையாலதான் வேணும். அதுவும் கோப்ப ததும்ப" என்று குசினியிலிருந்து ரத்தினம்மா.

உன் கைப் பக்குவம் வேறு யாருக்கு வரும் என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று. எனக்குத் தேத்தண்ணி அவ்வளவாகப் பிடிக்காது. கோப்பை ததும்பினால் ஒரு கையால் பிடிக்க முடியாது, இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். நீட்டும்போது சட்டைக் கை மேலே ஏறும். திரை போடாத பின் ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்திருந்தால் இரண்டு முழங்கை வரைக்கும் வெளிச்சத்தில் தெரியும்.

இன்றும் பார்த்தேன். எங்கேயும் நீலம் இல்லை.